ஸ்படிக அலையியற்றிகள்: இனங்காணலும் பழுதறிதலும், வடசென்னைத் துறைமுக வட்டாரத்தை முன்னிட்டு

ஸ்படிக அலையியற்றி என்பது, குவார்ட்ஸ் எனப்படும் ஸ்படிகக் கல்லினின்று குறித்த கோணத்தில் அறுத்தெடுத்த மெல்லிய தகட்டை மின்சாரத்தால் அதிரச் செய்து, அவ்வதிர்வின் துணைகொண்டு மாறாத அதிர்வெண்ணுடைய மின்னலைகளைத் தோற்றுவிக்கும் சாதனம். கடைகளிலும் தொழிற்கூடங்களிலும் இதனைக் கிரிஸ்டல் என்றே வழங்குவர். காசிமேட்டு விசைப்படகின் வயர்லெஸ் செட், துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பலின் ராடார், திருவொற்றியூர் ஆலைகளில் ஓடும் கட்டுப்பாட்டு யந்திரங்கள், அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் காப்புச் சாதனங்கள் ஆகிய யாவற்றினுள்ளும் காலத்தை அளந்து கொடுக்கும் பொறுப்பு இச்சிறு கல்லினிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. இராயபுரம் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் இந்தக் கரையில் உஷ்ணமும் உப்புக் காற்றும் நிலக்கரிச் சாம்பலும் ஒருங்கே கூடியிருத்தலால், அதிர்வெண் பிறழ்ந்த கருவியொன்று மேசைக்கு வரும்போது கல்லின்மீது பழியைப் போட்டு அதைப் பிடுங்கி எறிவதற்குமுன், கல்லைச் சூழ்ந்துள்ளவற்றை விசாரிப்பதே நியாயமும் சிக்கனமும் ஆகும். அவ்விசாரணைக்கு முதற்படி, கையில் இருப்பது எவ்வகை அலையியற்றி என்பதை ஐயமற அறிதல்.

வரலாறு

துறைமுகத்தையும் துல்லியமான காலத்தையும் பிரித்துப் பேச இயலாது. தீர்க்கரேகையைக் கணிக்க வேண்டிய மாலுமிக்குக் கடிகாரத்தில் நேரும் நான்கு விநாடிப் பிழை நிலநடுக்கோட்டருகே ஒரு கடல் மைல் பிழையாக முடிந்துவிடும். கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக்கூடம் 1792-ல் நுங்கம்பாக்கத்தில் அமைந்தது. அதன் கணிப்பில் நின்ற சென்னை நேரம், கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. இராயபுரத்தில் 1856-ல் நிலையம் திறந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இந்திய ரயில்வேக்கள் அந்த நேரத்தையே தமக்குப் பொதுப் பிரமாணமாகக் கொண்டன. 1906-ல் இந்தியப் பொது நேரம் வந்தது. அக்காலத்தில் நேரத்தைக் காத்தவை ஊசல் கடிகாரங்களும் கப்பல் குரோனோமீட்டர்களுமே. இன்று அப்பொறுப்பைப் புது தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு நிறைவேற்றுகிறது. நம் கைக்கெட்டிய கருவிகளுள்ளோ அதனை ஸ்படிகமே சுமக்கிறது.

ஸ்படிகத்தை அழுத்தினால் அதன் முகங்களில் மின்னூட்டம் தோன்றுவதைப் பியேர் கியூரி, ஜாக் கியூரி என்னும் சகோதரர்கள் 1880-ல் கண்டனர். அதன் எதிர்ச்செயலாக, மின்னழுத்தம் கொடுத்தால் கல் நுண்ணளவில் வடிவம் மாறும். இவ்விரட்டைக் குணத்தைக் கொண்டு 1920-களின் தொடக்கத்தில் வால்ட்டர் கேடி போன்றோர் வானொலி அலைகளைக் கட்டுப்படுத்தினர். 1927-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் வாரன் மாரிசன் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை அமைத்தார். 1934-ல் அதே கூடத்தில் கண்டறியப்பட்ட ஏ.டி. வெட்டு என்னும் அறுப்பு முறை, அறை வெப்பநிலையையொட்டி அதிர்வெண் ஏறத்தாழ மாறாதிருக்கும்படி தகட்டை ஏறக்குறைய 35 பாகை 15 கலைக் கோணத்தில் வெட்டுவது. வானொலித் தொழில் இன்றளவும் அதன்மீதே நிற்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரேஸில் நாட்டுச் சுரங்கக் கற்களையே நம்பியிருந்த இத்தொழில், பின்னர் ஆட்டோகிளேவ் கலங்களில் வளர்த்த செயற்கைக் கல்லுக்கு மாறியது. இந்தியாவில் பெங்களூரில் 1954-ல் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் கிரிஸ்டல்களைச் செய்துவந்தது.

வகைகளும் அவற்றின் தரமும்

தகடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு விரைவாக அதிரும். ஏ.டி. வெட்டுத் தகட்டின் கனத்தை மில்லிமீட்டரில் எடுத்து 1.66 என்னும் எண்ணை அதனால் வகுத்தால் அடிப்படை அதிர்வெண் மெகாஹெர்ட்ஸில் கிடைக்கும். ஆகவே 10 மெகாஹெர்ட்ஸ் தகட்டின் கனம் 0.166 மில்லிமீட்டர் மட்டுமே. கடலில் தள்ளாடும் படகின் தளத்தில் செட் விழுந்தால் இத்தகடு விரிசலுறுவது வியப்பன்று.

தனி ஸ்படிகமும் சாதாரணக் கடிகார அலையியற்றியும் பத்து லட்சத்தில் 25 முதல் 100 பங்குவரை பிசகலாம். கணிப்பொறிக்கும் எடைமேடை யந்திரத்துக்கும் அது போதும். வெப்பநிலையை உணர்ந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் வகையை டி.சி.எக்ஸ்.ஓ. என்பர், அதன் பிசகு பத்து லட்சத்தில் அரைப் பங்கு முதல் இரண்டரைப் பங்கு வரை. ஸ்படிகத்தையே ஒரு சிறு அடுப்பினுள் வைத்து, வெளி உஷ்ணம் எட்டாத உயர்ந்த வெப்பநிலையில் ஸ்திரமாக நிறுத்தும் வகையை ஓ.சி.எக்ஸ்.ஓ. என்றும், பேச்சில் ஓவன் என்றும் கூறுவர். பத்துக் கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த பிசகை அது காக்கும். உயர்தர ஓவன்களில் 1970-களில் உருவான எஸ்.சி. வெட்டுக் கல் இருக்கும்.

இவற்றினின்றும் வேறுபட்டது, கடிகாரச் சில்லுகளுக்கு அருகே காணும் 32,768 ஹெர்ட்ஸ் சிறு குழாய். இதனுள் இருப்பது இசைக்கவை வடிவக் கல்; 25 பாகை செல்சியஸில் சரியாக நின்று, அதிலிருந்து எத்திசையில் விலகினாலும் மந்தமாகும் சுபாவமுடையது. மந்தம், விலகிய பாகைகளின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு பாகைக்குப் பத்து லட்சத்தில் சுமார் 0.034 பங்கு என்று தொடங்கி வர்க்கமாக ஏறும். சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் 45 பாகை நிலவும்போது இக்கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.2 விநாடி பின்தங்கும். மாதத்தில் அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். எண்ணூர்க் கரை ஆலைகளில் பதிவுக் கருவியின் கடிகாரம் கோடையில் பின்தங்குகிறது என்னும் முறையீடு வந்தால், அது பழுதன்று, இயற்கை என்பதை உணர வேண்டும்.

இனங்காணல்

உலோகக் கேனில் இரண்டு கால்கள் மட்டும் இருந்தால் அது தனி ஸ்படிகம். அலையை இயக்கும் சுற்று வெளியே போர்டில் இருக்கும். நான்கு கால்கள், ஒரு சிறு செவ்வகக் கேன், மூன்று மூலைகள் வளைந்து ஒரு மூலை மட்டும் கூர்மையாக இருந்தால் அது முழு அலையியற்றி; கூர்மூலையருகே உள்ளது முதற்கால். பதினான்கு கால் ஐ.சி. அளவிலுள்ள கேனில், முதற்கால் வெறுமையாகவோ இயக்கும் அனுமதிக்காகவோ கட்டுப்பாட்டு மின்னழுத்தத்துக்காகவோ இருக்க, ஏழாவது தரைக்கும், எட்டாவது வெளியீட்டுக்கும், பதினான்காவது மின்வழங்கலுக்கும் உரியன. ஐந்து கால்கள், கனத்த பெட்டி, சிறிது நேரம் ஓடியதும் கையில் உணரும் சூடு ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது ஓவன் என்பதில் ஐயமில்லை.

மேலே அச்சிட்ட எண்ணே அலையியற்றியின் ஜாதகம். 4.433619 என்றிருப்பின் பால் முறை வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியினின்று வந்தது, 11.0592 என்பது 8051 வகை நுண்கட்டுப்படுத்தி வரிசைத் தொடர்பில் 9600 வேகம் பெறும்பொருட்டு வைத்த எண், 12.8 என்பது வயர்லெஸ் செட்டுகளின் டி.சி.எக்ஸ்.ஓ.; 13-ம் 26-ம் செல்போன் சாதனங்களுக்குரியன; 10 என்பது அளவைக் கருவிகளின் பொது மொழி. நான்கு இலக்கத் தேதிக் குறி, முதலிரண்டு ஆண்டையும் பின்னிரண்டு வாரத்தையும் குறிப்பது வழக்கம். 0412 என்பது 2004-ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் வாரம். 48 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த எண் எழுதிய தனி ஸ்படிகம் பெரும்பாலும் மூன்றாம் மேற்சுரத்தில் இயங்குவது. அதற்குத் துணைநிற்கும் சுருளோ கொண்மியோ கெட்டால் கல் அடிப்படை அதிர்வுக்கு இறங்கி 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும். மூன்றில் ஒரு பங்கு அதிர்வெண் தென்பட்டால் கல்லைக் கழற்ற வேண்டுவதில்லை.

பெயரழிந்த ஓவன்கள்தாம் இனங்காண்பவரின் பொறுமையைச் சோதிப்பன. சென்னை ரிச்சி தெருவிலும் பழைய சாமான் கடைகளிலும் கிடைக்கும் ஓவன்களில் பல, கழித்துவிடப்பட்ட செல்போன் கோபுர நிலையங்களின் போர்டுகளினின்று சால்டர் உருக்கி எடுக்கப்பட்டவை. கேனோடு தொடர்புள்ள கால் தரை. தடித்த பாதையும் பெரிய கொண்மியும் சேருங்கால் மின்வழங்கல். அளவுமானியில் மிக உயர்ந்த தடை காட்டி, போர்டில் டி.ஏ.சி. சில்லுடனோ திருகு மின்தடையுடனோ இணைந்திருப்பது அதிர்வெண் திருத்தும் கால். எஞ்சிய இரண்டில் ஒன்று வெளியீடு, மற்றது ஸ்திரமான ஒப்பீட்டு மின்னழுத்தம் தருவது. மின்வழங்கல் 5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பது தெரியாவிடில், மின்னோட்ட வரம்பிட்ட மேசை மின்வழங்கியில் 5 வோல்ட்டிலிருந்தே தொடங்க வேண்டும். துருவம் மாற்றிக் கொடுத்தால் மீட்சியில்லை. ஹ்யூலெட்-பக்கார்ட் நிறுவனத்தின் 10811, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மோரியான் நிறுவனத்தின் எம்.வி.89 ஏ என்னும் இரட்டை ஓவன் போன்ற புகழ்பெற்றவற்றுக்குக் கால் விவரம் எளிதிற் கிடைக்கும்.

யுத்தகாலப் பேக்லைட் உறையில் இரண்டு முட்களோடு வந்த எஃப்.டி.243 ஸ்படிகங்கள் பழைய அமெச்சூர் வானொலியினரிடம் இன்றும் காணக் கிடைக்கின்றன. அவற்றைத் திறந்து கல்லைத் துடைத்து மீண்டும் மூடலாம். பிற்காலத்துக் கேன்களோ காற்று நீக்கியோ நைட்ரஜன் நிரப்பியோ ஒட்டப்பட்டவை. திறந்தால் அத்துடன் முடிந்தது.

பழுதறிதல்

அலையியற்றி உயிரோடிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆசிலாஸ்கோப் முனையை நேரே கல்லின் காலில் வைப்பது கூடாது. முனையின் பத்துப் பிகோஃபாரட் சுமையே அதிர்வெண்ணை மாற்றிவிடும், சில சமயம் அதிர்வையே நிறுத்திவிடும். இடையில் பஃபர் இருப்பின் அதன் வெளியீட்டைப் பார்ப்பது உசிதம். இல்லையேல் அருகே ஒரு சிற்றலை வானொலியை அதே எண்ணில் வைத்துக் கேட்கலாம்.

அடுத்து மின்வழங்கல். ஆலைகளில் வயதேறிய மின்பகு கொண்மிகள் வறண்டு 100 ஹெர்ட்ஸ் அலை கலந்து வருகிறது. விசைப்படகில் 24 வோல்ட் ஆல்டர்னேட்டரின் முரடு நேரே செட்டுக்கு வருகிறது. இரண்டும் அலையின் பக்கங்களில் போலி அலைகளை எழுப்பும். அலை நிலைகொள்ளவில்லை என்று காண்பவர் கல்லை மாற்றுவர், ஆனால் நோய் அங்கில்லை. டீசல் எஞ்சினின் அதிர்ச்சியும் இவ்வாறே செய்யும்: ஸ்படிகம் புவியீர்ப்பளவு முடுக்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கு அசைந்து கொடுக்கக்கூடியது, சாதாரணப் பேச்சுச் செட்டுக்கு அது அற்பம், நுட்ப அளவைக்கு அற்பமன்று.

மூன்றாவது, இக்கரையின் தனிச் சாபமாகிய உப்பு. காசிமேட்டிலிருந்து வரும் வி.எச்.எஃப். செட்டைத் திறந்தால், கேனின் காலும் போர்டும் சேருமிடத்தில் பசுங்களிம்பு படர்ந்திருப்பதைக் காணலாம். அதன்மேல் சால்டர் வைத்தபோது துடைக்காமல் விட்ட ரோசின், தேன்நிறம் மங்கிப் பாலேறி நிற்கும். நிலக்கரியும் எண்ணெயும் எரியுமிடத்துக் கந்தகப் புகை படிந்து வெள்ளிப் பூச்சு கறுத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாத மழையில் இப்படலம் ஈரத்தை உறிஞ்சிக் கல்லின் இரு கால்களுக்குமிடையே மின்கசிவாகவும் கூடுதல் கொண்மமாகவும் மாறுகிறது. சுமைக் கொண்மம் 18 பிகோஃபாரட்டுக்கென்று அரைத்த கல் வேறு சுமையில் வேறு எண்ணிலே ஓடுவது இயற்கைதானே? காலையில் பிசகி, வெயிலேறியதும் தானே சரியாகும் செட்டைப் பற்றிப் படகுக்காரர் சொல்லும் சொல்லை அலட்சியம் செய்யலாகாது. பழுதின் முகவரி அதில் இருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவி, வெதுவெதுப்பான காற்றில் உலர்த்தி, மீண்டும் அளந்து பார்த்த பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும். அல்ட்ராசானிக் தொட்டியில் இடுவது கூடாது. அதன் அதிர்வு இசைக்கவைக் கல்லை உடைக்கக்கூடும்.

இவ்வளவும் சரியாயிருந்தும் பிழை நீங்காவிடில் கல்லைச் சந்தேகிக்கலாம். விழுந்து விரிசலுற்ற கல் அறவே மௌனமாகும், அல்லது தட்டினால் எண் தாவும். ஒட்டு விட்டுக் காற்றுப் புகுந்த கேனில் உள்தடை ஏறி அலை தளரும். நெடுங்காலம் கிடந்த சில கற்கள் உறங்கிக் கிடப்பதுண்டு. குறைந்த மின்திறனில் எழாமல், லேசாகத் தட்டினாலோ மின்வழங்கலைச் சற்று உயர்த்தினாலோ எழும். அவ்வாறு எழுந்த கல்லைக் கடலுக்கு அனுப்புவது அபாயம், மாற்றிவிடுவதே கடமை.

ஓவன் வகைக்கு மின்னோட்டமே நாடி. குளிர்ந்த நிலையில் பல வாட் இழுத்து, சில நிமிடங்களில் ஒன்றிரண்டு வாட்டுக்கு இறங்கினால் அடுப்பு ஆரோக்கியமாயிருக்கிறது. தொடக்கத்திலேயே இழுவை இல்லையெனில் சூடேற்றும் டிரான்சிஸ்டரோ வெப்ப உருகியோ அறுந்திருக்கும். 10811 வகையில் இவ்வுருகி அறுவது அறிந்த நோய். இழுவை இறங்கவே இல்லையெனில் வெப்ப உணரி பிறழ்ந்திருக்கலாம். உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அடுப்பு சரியாயிருந்தும் எண் பிசகி, திருத்தும் மின்னழுத்தத்தை எல்லைவரை நகர்த்தியும் இலக்கு எட்டவில்லையெனில், கல் முதுமையால் எல்லை கடந்துவிட்டது. அதற்குச் சிகிச்சை இல்லை.

ஒப்பிடும் முறை

பிழையை அளக்கும் கருவியே பிழையுடையதாயிருந்தால் எல்லா உழைப்பும் வீண். மலிவான கவுண்ட்டரின் உள்ளேயும் ஒரு சாதாரணக் கல்தான் இருக்கிறது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் நேரத்தைப் பின்பற்றி நடக்கும் 10 மெகாஹெர்ட்ஸ் ஒப்பளவை ஆசிலாஸ்கோப்பின் ஒரு பாதையில் கொடுத்து, ட்ரிகரை அதனிடம் ஒப்படைத்து, சந்தேகத்துக்குரியதை மறு பாதையில் கொடுக்க வேண்டும். ஒப்பளவு அசையாது நிற்க, மற்றது திரையில் மெல்ல நகரும். ஓரலையின் நீளம் 100 நானோவிநாடி. அது முழுதாக ஓரலை நகர 100 விநாடி பிடித்தால் பிசகு நூறு கோடியில் ஒன்று, 10 விநாடி பிடித்தால் பத்துக் கோடியில் ஒன்று. இடப்புறம் நகர்ந்தால் எண் கூடுதல், வலப்புறமெனில் குறைவு. கடிகாரமும் கண்ணும் போதும். இதைவிடத் தெளிவான சோதனையை யான் அறியேன்.

மூன்று பிரயோகங்கள்

படகுச் செட்டில் அபாய அழைப்புக்குரிய 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். கப்பல், படகு நிலையங்களுக்குச் சர்வதேச விதி அனுமதிக்கும் பிசகு பத்து லட்சத்தில் 10 பங்கு. அதாவது ஏறக்குறைய 1,570 ஹெர்ட்ஸ். நல்ல டி.சி.எக்ஸ்.ஓ. 400 ஹெர்ட்ஸுக்குள் நிற்கும். கப்பலிலோ ஏ.ஐ.எஸ். என்னும் தானியங்கி அடையாளக் கருவி, 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ்களில், நிமிடத்தை 2,250 கூறுகளாகப் பகுத்து, தனக்குரிய 26.67 மில்லிவிநாடிக் கூறுகளுக்குள் தன் பேச்சை முடித்துக்கொள்ள வேண்டியது; காலம் தவறினால் அயல் கப்பலின் குரல்மேல் விழும். எண்ணூரிலுள்ள காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 2017 ஜனவரி 28-ல் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்து இக்கரை முழுவதும் படர்ந்ததைக் கண்டோருக்கு, ஒரு கப்பல் எங்கிருக்கிறது என்பதை மற்றது அறிவது எத்தகைய காரியம் என்று விளக்க வேண்டியதில்லை.

மின்நிலையத்தில் ஜி.பி.எஸ். கடிகாரம் காட்டும் நேரத்தை ஒட்டியே காப்பு ரிலேக்களின் பதிவுகளும், மின்தொகுதியின் கட்டக்கோண அளவுகளும் எழுதப்படுகின்றன. 50 ஹெர்ட்ஸில் ஒரு பாகைக்கு 55.6 மைக்ரோவிநாடி. செயற்கைக்கோள் தொடர்பு அறுந்தபோது உள்ளேயுள்ள ஓவன் தனியே காலத்தைத் தாங்குகிறது. அது நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் ஒரு மணியில் 3.6 மைக்ரோவிநாடி, ஒரு நாளில் 86 மைக்ரோவிநாடி விலகி, ஒன்றரைப் பாகைப் பொய்யைப் பதிவில் எழுதும். கடலையொட்டிய கூரையில் அடிக்கடி இத்தொடர்பு அறுகிறது என்றால், ஏணியேறி ஆண்டெனாவின் இணைப்பியைக் கழற்றிப் பார்ப்பதே முதற்செயல். உப்பேறிய நடுமுள் கறுத்திருக்கும். அலையியற்றியைக் குறைகூறி வரவழைத்த புதிய கடிகாரமும் அக்கேபிளில் மாட்டினால் அதே அலாரத்தை ஒலிக்கும்.

மூன்றாவது, மூழ்கும் கலத்தினின்று 406 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 50 விநாடிக்கு ஒருமுறை, அரை விநாடி அளவுக்குக் கூவும் இ.பி.ஐ.ஆர்.பி. கருவி. துருவப் பாதைச் செயற்கைக்கோள் அக்குரலில் காணும் டாப்ளர் மாற்றத்தைக் கொண்டே இடத்தைக் கணிப்பதால், பத்திலொரு விநாடிக்குள் நூறு கோடியில் இரண்டு பங்குக்கு மேல் ஆடாத அலையியற்றி அதற்குத் தேவை. கோஸ்பாஸ்-சார்சாட் எனும் இச்சர்வதேச ஏற்பாட்டின் இந்தியத் தரை நிலையங்கள் பெங்களூரிலும் லக்னோவிலும் உள்ளன. சிறு படகுகளுக்கென இஸ்ரோ தனியே ஓர் அபாய அறிவிப்புக் கருவியை உருவாக்கியிருக்கிறது. இவ்விருவகைகளையும் தெருக்கடை மேசையில் திறப்பதை வன்மையாகத் தடுக்க வேண்டும். நீர்ப்புகா மூடி ஒருமுறை திறந்தால் அதன் உறுதி குலையும். உள்ளமைந்த சுயபரிசோதனைப் பொத்தானை மட்டும் அழுத்தலாம். தவறி இயங்கிவிட்டால் அணைத்துவிட்டு வாளாவிருத்தல் ஆகாது. சென்னையில் உள்ள கடலோரக் காவல் படையின் கடல் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்கு உடனே தெரிவிப்பது கட்டாயம்.

மாற்றுதல்

புதிய கல்லை வாங்குகையில் அதிர்வெண் மட்டும் பொருந்தினால் போதாது. சுமைக் கொண்மம், அடிப்படையா மேற்சுரமா என்னும் பேதம், வெப்பநிலை எல்லை ஆகியனவும் பொருந்த வேண்டும். 70 பாகை வரையுள்ள வணிகத் தரத்தைவிட 85 பாகை வரையுள்ள தொழில்தரமே இவ்வூர் வெயிலில் மூடிய பெட்டிக்கு ஏற்றது. காலைக் கேனை ஒட்டி வளைத்தால் கண்ணாடி முத்திரை விரியும். ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி வளைத்து, சால்டரிங் அயனை நெடுநேரம் வைக்காமல் முடிக்க வேண்டும். பணி முடிந்ததும் ரோசினைத் துடைத்து, கேனின் காலடியில் காப்பு வார்னிஷ் பூசுவது உப்புக்கு எதிரான காவல். ஓவனாயின், புதிதாய்ப் பூட்டியதை ஒரு வாரமேனும் இடைவிடாது ஓடவிட்டு, தினமும் ஒரே வேளையில் எண்ணைக் குறித்துவந்து, நாளுக்கு நாள் மாற்றம் சிறுத்துத் தணிந்த பிறகே திருத்தும் திருகைத் தொட வேண்டும்.